மூன்று பேர் வீட்டில் இரண்டு இருக்கைக் கார்

அன்புத் தம்பிக்கு,

இவ்வளவு ராத்திரியில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. காலையில் எழுந்து போனைப் பார்த்ததும், இந்த நேரத்தில் அம்மா அனுப்பியிருக்கிறாளே, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுவாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா நைட் ஷிஃப்ட்டுக்கு ஏர்போர்ட் போயிருக்கிறார். நான் சாப்பிட்டுவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டேனா என்று எழுந்துபோய் பார்த்துவிட்டும் வந்தேன். காரும் நன்றாக இருக்கிறது. இது அந்தக் காரைப் பற்றிய கடிதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "மா, வர்ற வெள்ளிக்கிழமை ஃபிளைட்ல வந்து காரை எடுத்துட்டுப் போயிடறேன், ஓகேவா?" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். அதன்பிறகு மாவு அரைத்தேன், துணி மடித்தேன், அப்பாவுக்குச் சாப்பாடு கட்டினேன்; அந்த "சரிப்பா" மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டே இருந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் ஒன்று உன்னைத் திட்டுவேன், இல்லாவிட்டால் அழுவேன். உடனே நீ இங்கிலீஷுக்கு மாறுவாய், நானும் மாறுவேன், இங்கிலீஷில் என்னிடம் எதைக் கேட்டாலும் நான் "இட்ஸ் ஓகே" என்று சொல்லிவிடுகிறவள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றாவது பலன் இருக்கட்டும். மெதுவாகப் படி.

அந்தக் காரை நீ ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய நாள் உனக்கு நினைவிருக்கும். பதினெட்டு வயது. சூப்பர்மார்க்கெட்டில் வார இறுதியெல்லாம் பெட்டி அடுக்கிச் சேர்த்த சம்பளத்தில் வாங்கினாய். நல்ல மழை. தலைக்கு மேலே பழுப்பு வெள்ளைத் துணி, உள்ளே இரண்டே இரண்டு இருக்கை. நான் வாழ்த்துச் சொல்லவில்லை. "மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட் காரா? யாரைடா விட்டுட்டுப் போகப்போற?" என்றுதான் கேட்டேன். அப்பா குடையோடு ஒரு சுற்று சுற்றி வந்து, கூரைத் துணியை விரலால் சுண்டிப் பார்த்தார். "மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கத்தான்டா மனுஷன் கார் வாங்குறான். நீ என்னடான்னா சாமியானா போட்ட வண்டியை வாங்கிட்டு வந்து நிக்கிற. பந்தி எப்போ, இலை போட்டாச்சா?" என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குச் சாமியானா என்றே பெயர். நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் மழைவிட்டதும் கூரையைத் திறந்து, "மா, ஒரு ரவுண்டு வா" என்று கூப்பிட்டபோது, "எனக்குக் காது வலிக்கும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். உன் முகம் எப்படி ஆனது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து அந்த ஆயுத பூஜை. அதைச் சொன்னால் நீ இப்போதும் சிரிப்பாய். பானட்டில் எதையும் பூசக்கூடாது, பெயிண்ட் கெட்டுவிடும் என்று நீ கறாராகச் சொல்லிவிட்டாய். பொட்டு வைக்காத வண்டியில் என் பிள்ளையை எப்படி அனுப்புவது? நீ குளிக்கப் போன நேரத்தில் மஞ்சளும் சந்தனமும் குழைத்து, முன்கண்ணாடிக்கு மேலே அந்தத் துணிக் கூரையில் மூன்று பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மரத்து எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கினோம். எல்லாம் நிறைவாகத்தான் இருந்தது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தால் பட்டை போகவில்லை. துணி சோப்புத்தூளைக் கரைத்துத் தேய்த்தேன். அவ்வளவுதான், மஞ்சள் முழுவதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்பது கல்லூரியில் முதல் வருட ஆய்வகத்திலேயே நான் செய்து பார்த்தது. இன்றும் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் சாயத்தோடுதான் எனக்குப் பிழைப்பு. நீ வந்து பார்த்துவிட்டு, "மா, நீ நிஜமாவே கெமிஸ்ட்ரிதான் படிச்சியா? ரூஃப்ல யாரோ அடிபட்ட மாதிரி இருக்கு" என்றாய். வினிகர் ஊற்றித் திரும்ப மஞ்சளாக்கினேன். அதற்கு மேல் வெளுக்கவில்லை. "பரவால்ல விடு, ஓப்பன் பண்ணிட்டா தெரியாது" என்று சொல்லி நீ கூரையை மடித்துவிட்டுப் போய்விட்டாய். மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. ஆனால் கூரையை மூடி வெயிலில் போட்டால்தானே அது வெளுக்கும்? வெயிலடிக்கும் நாளில் நீயும் மூடவில்லை. இப்போது நானும் மூடுவதில்லை.

குளிருக்கு நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். நான் பதில் சொன்னதில்லை. நியூசிலாந்தில் இந்த ஆக்லாந்துக்கு வந்தபோது உனக்கு நாலு வயது, எனக்கு இருபத்தைந்து. நியூ லின்னில் ஒரு வாடகை வீடு. பகலிலேயே சுவரில் தண்ணீர் கோத்து நிற்கும். நீ மூச்சு வாங்க ஆரம்பித்தாய். உன் நெஞ்சு இழுப்பதைப் பார்த்துக்கொண்டு, உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்க வந்த நர்ஸ், குளிர்காலத்திலும் தினமும் கொஞ்ச நேரம் ஜன்னல்களைத் திறந்து வை, இல்லாவிட்டால் பூஞ்சை போகாது என்றாள். இவளுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டு, அவள் போனதும் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தேன். மூட மூட உத்தரத்தில் கறுப்பு படர்ந்தது. உனக்கு இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு மழைக்கோட்டு. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் செருப்புகூடப் போடாமல் ஓடுவார்கள். நீ மட்டும் மூட்டை மாதிரி உருண்டுகொண்டிருப்பாய். இதை எதற்குச் சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. காரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்த வீடு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

பிப்ரவரியில் வேலை கிடைத்துத் தெற்கே டனிடினுக்குப் போனபோது, சாவியை என் கையில் கொடுத்து, "மா, வாரத்துக்கு ஒரு தடவையாவது ரூஃபைத் திறந்து காத்தாட விடு. மூடியே வச்சா துணில பூஞ்சை பிடிச்சிடும்" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அந்த நர்ஸே திரும்பி வந்து நிற்பது போல் இருந்தது.

முதலில் ஒரு சடங்காகத்தான் செய்தேன். சனிக்கிழமை வாசலில் வைத்துத் திறப்பேன், பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து மூடுவேன். மே மாதத்தில் ஒருநாள், வேலைக்குக் கிளம்பும் முன் வெயில் அடிக்கிறதே என்று திறந்துவைத்தேன். மூடப்போனால் கொக்கி மாட்டவில்லை. நான் இழுத்த இழுப்பில் என் வளையல்தான் நெளிந்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். வீட்டுக் காரைப் பின்னால் மறித்துக்கொண்டு இந்த வண்டி நிற்கிறது; திறந்தபடி இதைத் தெருவில் விட்டுப் போகவும் முடியாது. நேரமும் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் அப்பாவின் குரங்குக் குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு, அப்படியே கிளம்பினேன்.

மேரி அக்காவை உனக்குத் தெரியும், மன்னார்க்காரர், எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர், பாபடோயிட்டோயில் ஏறி என்னோடு ஒனிஹங்கா வருவார். என்னைப் பார்த்ததும் பஸ் ஸ்டாப்பிலேயே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை இது? கூரை எங்க? காத்தில போயிட்டுதோ?"

"இல்லக்கா, மூட மாட்டேங்குது. ஏறுங்க, இல்லாட்டி பஸ்ல வாங்க."

"பஸ்ஸுக்கும் இதுக்கும் இடையில நான் என்னத்தைத் தெரிவு செய்யிறது? சரி, ஏசுவே எண்டு ஏறுறன்."

கால்மாட்டில் ஹீட்டரை முழுக்க வைத்தேன். பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். ஏற்றினால் காற்று உள்ளே அடிக்காது என்று எப்போதோ நீ சொன்னது ஞாபகம் இருந்தது. முதல் சிக்னலில் நின்றதும் வழக்கம்போல் கதவைப் பூட்டும் பட்டனை அழுத்தினேன். மேரி அக்கா என்னைப் பார்த்தார், மேலே ஆகாயத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "என்னத்துக்குப் பிள்ளை பூட்டுற? கள்ளன் மேலால குதிக்க மாட்டானோ?" என்றார். அப்படி ஒரு சிரிப்பு சிரித்தோம், பச்சை விழுந்ததே தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இடுப்புக்குக் கீழே வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருப்பது போலவும், மூக்கு மட்டும் ஐஸ்பெட்டிக்குள் இருப்பது போலவும் இருந்தது. பாலத்தில் ஏறியபோது, நீர் வடிந்த மனுகாவ் கடற்கழிச் சேற்றின் வாசனை வந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பாலத்தில் தினமும் போய் வருகிறேன். அந்த இடத்துக்கு ஒரு வாசனை இருப்பதே எனக்குத் தெரியாது. பேக்கரியைத் தாண்டும்போது ரொட்டி வாசனை. பக்கத்து வேனிலிருந்து ஒரு சமோவாப் பெரியவர் எட்டிப் பார்த்து, குளிராக இல்லையா சிஸ்டர் என்று கேட்டார். முகம் தெரியாத ஆண்பிள்ளை பேசினால் கண்ணாடியை ஏற்றிவிடுகிற நான், "ரொம்ப!" என்று கத்தினேன். எதற்கு அவ்வளவு சந்தோஷமாகக் கத்தினேன் என்று இன்றுவரை புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவை எழுப்பினேன். அவர் ஒரு கையால் இழுத்தார், கொக்கி சட்டென்று மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை நானே திறந்தேன். வெயில்கூட இல்லை.

அன்றிலிருந்து மழை பெய்யாத நாளெல்லாம் திறந்தபடிதான் போகிறேன். ஜூலை மாத நடுக் குளிரிலும். மேரி அக்கா மடியில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கொண்டுவருகிறார். வெந்நீர்ப் பையும் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறார். நடுவில் ஒருநாள் அவர் காலடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. "பிள்ளை, உன்ர காருக்குள்ள கிணறு வெட்டியிருக்கிறியா?" என்று ஷூவைக் கழற்றிப் பிழிந்தார். இருக்கைகளுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் வடியும் துளைகளில் இலை அடைத்திருந்தது. இப்போது நானே குச்சிவிட்டுக் குடைந்து சுத்தம் செய்கிறேன். ஈரத்தோடு கூரையை மடிக்கக்கூடாது, பனி விழுந்த காலையில் அந்த பிளாஸ்டிக் பின்ஜன்னல் விறைத்திருக்கும், ஹீட்டரைப் போட்டு வண்டி வெதுவெதுப்பான பிறகுதான் மடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீ எடுத்துக்கொண்டு போவதானால் இதையெல்லாம் மறந்துவிடாதே. காதை மூடு. கழுத்தை மூடு. முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், இல்லாவிட்டால் தோல் வெடிக்கும்.

பார், நீ எடுத்துக்கொண்டு போவதானால் என்று எழுதிவிட்டேன். இங்கேதான் எனக்குக் குழம்புகிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து டனிடின் சாலைகளைப் பற்றித்தான் யோசிக்கிறேன். செங்குத்தான தெருக்கள், காலையில் கண்ணாடி மாதிரி பனி, இலேசான வண்டி, பின்சக்கரம் வழுக்கும். இதெல்லாம் நிஜமான பயம்தான். உன் பத்து வயதில் இதையே சொல்லியிருந்தால் அதோடு பேச்சு முடிந்திருக்கும். சைக்கிள் முகாம், கடலில் நீச்சல், நண்பன் வீட்டில் தங்குவது என்று எத்தனைக்கு "குளிரும்" என்ற ஒரே சொல்லால் கதவைச் சாத்தியிருக்கிறேன். ஆனால் இந்த முறை அந்தப் பயத்தைச் சொல்லும்போதே எனக்கு என்மேல் சந்தேகமாக இருக்கிறது. உனக்காகப் பயப்படுகிறேனா, அல்லது வண்டியை விட மனசில்லாமல் பயத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறேனா? மாவு அரைக்கும்போது உனக்காகத்தான் என்று தோன்றியது. காலையில் சாவியைக் கையில் எடுத்தபோது அப்படித் தோன்றவில்லை. நீ போனில் சொன்னாயே, "மா, ஆக்லாந்து குளிர் ஈரக் குளிர், இங்க காஞ்ச குளிர், நல்லா வெயிலடிக்கும், திறந்து ஓட்ட இதான் ஊரு" என்று. பழைய அம்மாவாக இருந்தால் உளறாதே என்பாள். இப்போது, ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று வாயில் எச்சில் ஊறுகிறது. இது என்ன கூத்து சொல்.

அம்மா என்றால் பிள்ளையின் சாமானைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டதும் எடுத்துக் கொடுப்பவள். நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். எனக்கென்று ஒரு பொருளை வைத்துக்கொண்டு, இது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

அப்பாவிடம் லேசாகப் பேச்செடுத்தேன். "அவன் உழைச்சு வாங்கினது. கேட்டா சாவியைக் குடுத்துட வேண்டியதுதான். நமக்கு எதுக்கு சாமியானா?" என்றார். சரிதான். ஆனால் போன வாரம் நடந்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். பாபடோயிட்டோயில் ஒருவர் கறிவேப்பிலைச் செடி கொடுப்பதாகச் சொன்னார். வீட்டுக் கார் சர்வீஸில் இருந்ததால் இதில்தான் போனோம். தொட்டியோடு வந்த செடி அப்பாவின் தோளுக்கு மேலே நின்றது. கூரையை மூட முடியாது. திட்டிக்கொண்டே ஏறி, தொட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். இலையெல்லாம் காற்றில் படபடவென்று அவர் முகத்தில் அடிக்கிறது. பாதி வழியில் குரங்குக் குல்லாவைக் கழற்றிச் செடியின் உச்சிக்கு மாட்டிவிட்டார். "என்னங்க இது?" என்றேன். "இதுக்குக் குளிரும்டி, நீ ரோட்டைப் பாரு" என்றார். சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்த குழந்தைகள் கைகாட்டின. அவரும் செடியின் கிளையைப் பிடித்து ஆட்டிக் கைகாட்டினார். வீட்டில் இறங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மோசமில்ல" என்றார். அப்பா வாயிலிருந்து "மோசமில்ல" வருவது என்றால் அது என்னவென்று உனக்குத் தெரியும்.

உனக்குக் கார் வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். ஆபீஸ் ஊருக்கு வெளியே, பஸ் கிடைப்பதில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். வீட்டுக் காரை நீ எடுத்துக்கொள். டயர் புதிது, நாலு பேர் உட்காரலாம், நண்பர்களை ஏற்றிக்கொள்ளலாம். அப்பாவை ஷிஃப்ட்டுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன். அவரை ஒப்புக்கொள்ள வைப்பது என் பாடு. சாமியானா எங்களிடம் இருக்கட்டும்.

நீ அதை வாங்கி வந்த அன்று நான் கேட்ட கேள்வி உனக்கு வலித்திருக்கும். மூன்று பேர் வீட்டுக்கு இரண்டு இருக்கையா என்று. நீ டனிடின் போன மறுநாள், சமைத்த சோறு மிஞ்சியபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர்தான், தம்பி. எங்களுக்கு அந்த இரண்டு இருக்கை போதும். ஆனால் அதை எழுதியதும் இன்னொன்று தோன்றுகிறது. நீ லீவுக்கு வந்து ஏர்போர்ட்டில் நிற்கும்போது, நாங்கள் இருவரும் வந்தால் நீ எங்கே உட்காருவாய்? பெற்ற பிள்ளைக்கு இடமில்லாத வண்டியை ஒரு அம்மா ஆசைப்பட்டுக் கேட்பாளா? கேட்கலாமா? அப்பா பஸ்ஸில் வருவார் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை தோன்றவில்லை. அன்றைக்கு நீ கூப்பிட்டு நான் வராமல் போன அந்த ஒரு ரவுண்டு பாக்கி இருக்கிறது; அப்போது அதைப் போய்விட்டு வரலாம். காது வலிக்கும் என்று சொல்லமாட்டேன்.

இல்லை, எனக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கும். அதற்காக மனசு மாறாதே. கழுவித் துடைத்து, துளைகளைச் சுத்தம் செய்து, பெட்ரோல் நிரப்பி வைத்திருப்பேன். கறை மட்டும் அப்படியே இருக்கும். எனக்குக் கொடுக்கிறாயா, எடுத்துக்கொண்டு போகிறாயா என்று வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடு. போன் வேண்டாம், எழுதியே அனுப்பு, இங்கிலீஷில் எழுதினாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் போடு.

அம்மா